காஸோ கரண்டோ, முதல்ல பில்லைக் கொண்டா!

என்ன பிள்ளை, காஸ் அடுப்பைக் கழட்டிப்போட்டுக் கரண்ட் அடுப்புப் பூட்டப் போறியளாம்? நல்ல விசயம். மருமோன் ராத்திரி முழுக்கப் போனில அடுப்புப் படம் பாத்துக்கொண்டிருக்கிறார். உன்னைப் பொம்பிளை பாக்கேக்கைகூட மனிசன் இவ்வளவு படம் பாத்திருக்கமாட்டார். கறுப்புக் கண்ணாடி, சிவப்பு எழுத்து, ஒரு விரலால தட்டினால் வேலை நடக்கும். சோறு அவியுதோ இல்லையோ, வீட்டுக்கு வாற சனம் பாத்துப் புகழும்.

நான் யாழ்ப்பாணத்து மட்டுவிலில கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணி இறைச்ச மனிசன். கண்ணில வெள்ளை படர்ந்ததை வெட்ட வந்து, உன்ர வெள்ளவத்தைப் பிளற்றில ஆறாம் மாடியில குந்தியிருக்கிறன். வெட்டினது ஒரு கண்ணைத்தான். மற்றக் கண்ணுக்கு உங்கட வீட்டுக் கணக்கு வடிவாய்த் தெரியுது.

"காஸ் விலை தாங்கேலாது அப்பு, காஸோ கரண்டோ நல்லது?" எண்டு கேக்கிறாய். உந்தக் கேள்விக்கு நான் மறுமொழி சொல்லமாட்டன். "எந்த வீட்டுக்கு?" எண்டு திருப்பிக் கேப்பன். ஆத்தில போட்டாலும் அளந்து போடெண்டு ஊரில சொல்லுவினம். நீங்கள் அளக்கிறதும் இல்லை, ஆத்தையும் பாக்கிறதில்லை. மாசம் மாசம் கரண்ட் பில் வருது. மடிச்சு பிரிட்ஜுக்கு மேல வைக்கிறியள். அதைக் கொண்டா இஞ்சை. அடுப்புக்கு உத்தரவு குடுக்கிறது அந்தக் கடுதாசிதான், கடைக்காரன் இல்லை.

அதுக்கு முதல் கொஞ்சம் பழங்கதை கேள். கிழவன் சொன்னால் பழங்கதை இல்லாமல் இருக்குமோ?

கொழும்புக்குக் காஸ் புதிசில்லை. 1870களிலேயே இஞ்சை காஸ் கொம்பனி வந்திட்டுது. நிலக்கரியில இருந்து காஸ் எடுத்துத் தெருவிளக்குக் கொளுத்தின பட்டினம் இது. புறக்கோட்டையில 'கேஸ் வேர்க்ஸ்' வீதியெண்டு பேர்ப்பலகை இண்டைக்கும் கிடக்கு. சிலிண்டர் பேந்து வந்தது. 1995இல ஷெல் கொம்பனி காஸ் கொம்பனியின்ர பங்கை வாங்கினது, 2010இல அரசாங்கம் திருப்பி வாங்கி லிட்ரோ எண்டு பேர் வைச்சுது. லிட்ரோ நீலச் சிலிண்டர், லாஃப்ஸ் மஞ்சள் சிலிண்டர். நிறம் வேறை எண்டாலும் ரெண்டும் கப்பலில வாற சாமான்தான். சப்புகஸ்கந்தவில சுத்திகரிக்கேக்கை கிடைக்கிறது கடுகளவு. மிச்சத்துக்குச் சவூதி மாசாமாசம் விலை சொல்லும், டொலர் அதுக்கு மேல குந்தும், வரி டொலருக்கு மேல குந்தும். கடைசியில எல்லாம் உன்ர குசினிக்குள்ள வந்து இறங்கும்.

விலை ஏறின வரிசையைப் பார். 2021 ஐப்பசிக்கு முன்னம் 12.5 கிலோ நீலச் சிலிண்டர் 1,493 ரூபா. விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்கள். ஒரே இரவில 2,750. பேந்து 75 ரூபாயைக் குறைச்சு, ஏதோ சீதனம் குடுத்த மாதிரிப் பேப்பரில போட்டாங்கள். 2022 சித்திரைக் கடைசியில 4,860, ஆடியில 4,910. 2023 ஆடியில 2,982க்கு இறங்கினது. இறங்கினதெண்டு எல்லாரும் மூச்சு விட, திரும்ப ஏறி 2025இல 3,690இல நிண்டுது. உதில ஒண்டைக் கவனி. 1,493இல இருந்தவனுக்கு 2,982 எண்டால் வயிறு எரியும். 4,910 குடுத்தவனுக்கு 2,982 எண்டால் சந்தோசம். விலை அதேதான், சனத்தைப் பழக்கிப்போட்டாங்கள்.

2021 கடைசியில நடந்தது ஞாபகமிருக்கோ? ஊரெல்லாம் காஸ் அடுப்பு வெடிச்சுது. மேல கண்ணாடி போட்ட அடுப்புகள் படார் படாரெண்டு சிதறினது. ஜனாதிபதி ஒரு குழு போட்டவர். காஸின்ர கலவையை மாத்தினதுதான் காரணமெண்டு அவையள் சொன்னவை. சிலிண்டருக்குள்ள புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கு. பியூட்டேன் அடக்கமான பிள்ளை, புரொப்பேன் துடியாட்டம் பிடிச்சது. புரொப்பேன் கூடினால் உள்ளுக்கு அமுக்கமும் கூடும். கிழடு தட்டின றப்பர் குழாயும் தேய்ஞ்ச ரெகுலேற்றரும் அதைத் தாங்குமோ? எண்டபடியால் காஸோட இருக்கப் போறாய் எண்டால் முதல் செலவு குழாய்க்கும் ரெகுலேற்றருக்கும். கலியாணச் சாறிக்குக் குடுக்கிற காசுக்குக் கிட்டவும் வராது. மூட்டில சவர்க்கார நுரையைப் பூசிப் பார். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக் குச்சியைத் தட்டிப் பாக்கிற விண்ணர் ஒருத்தர் வீட்டில இருக்கிறார் எண்டு கேள்விப்பட்டன். பேர் சொல்லமாட்டன். மருமோன் ஏன் சிரிக்கிறார்?

2022 மாசியும் பங்குனியும் சித்திரையும் காஸ் இல்லாமல் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. காலி வீதியில வெறுஞ் சிலிண்டரைச் சங்கிலியால கோத்துப் பூட்டுப் போட்டுக் கிடத்தினவை. மனிசர் வீட்டை போய்ப் படுத்தாலும் சிலிண்டர் வரிசையில நிக்கும். அந்த நேரம் கெட்டித்தனமாய்க் கரண்ட் அடுப்பு வாங்கின ஆக்களும் இருந்தவை. வாங்கி வீட்டை கொண்டுவர, பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. கொழும்புச் சனம் அப்ப மத்தளமாய்ப் போச்சுது. எங்களுக்குப் புதினமில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில ஆண்டுக்கணக்கில கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள்ள நாலு துளி மண்ணெண்ணெய் விட்டுப் பஞ்சுத் திரியில படிச்ச பிள்ளையள் இண்டைக்கு டொக்குத்தர்மார். நீங்கள் 13 மணித்தியாலத்துக்கே பேஸ்புக்கில ஒப்பாரி வைச்சியள்.

நேபாளத்திலயும் உந்தக் கூத்து நடந்தது. 2015 கடைசியில இந்திய எல்லையால சாமான் வராமல் நிண்டு போச்சு. காஸ் இல்லை. காத்மண்டுச் சனம் இன்டக்சன் எண்ட கரண்ட் அடுப்புக்கு அடிபட்டது. அங்கையும் கரண்ட் வெட்டு இருந்த காலம் அது. அரைச் சிலிண்டர் காஸைப் பங்கு போட்டுக் குடுத்துச் சமாளிச்சவை. இதில இருந்து எனக்கு விளங்கினது இதுதான்: ஒரே அடுப்பை நம்பி இருக்கிற குசினி, ஒரே மாட்டை நம்பி இருக்கிற வீடு. மாடு படுத்தால் பாலும் இல்லை, உழவும் இல்லை.

2025 மாசி 9ஆந் திகதியை மறந்திட்டியோ? ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை மணி மட்டில நாடு முழுக்கக் கரண்ட் போச்சுது. பாணந்துறை உபமின்நிலையத்துக்குள்ள ஒரு குரங்கு பூந்திட்டுதெண்டு மின்சக்தி அமைச்சரே சொன்னவர். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு வெள்ளவத்தையில என்ன நடக்கும்? ஆட்டிறைச்சிக் கறி அடுப்பில கொதிக்கும். காஸ் வைச்சிருந்தவன் கறி சாப்பிட்டான். கரண்ட் அடுப்புக்காரன் குரங்கைப் பேசிக்கொண்டு பாணுக்குப் போனான். இலங்கையில அடுப்பு வாங்கிறவன் கப்பலையும் பாக்கவேணும், டொலரையும் பாக்கவேணும், குரங்கையும் பாக்கவேணும்.

சரி, பில்லைக் கொண்டந்தியோ? மூக்குக் கண்ணாடியை எடு. இனித்தான் விசயம்.

12.5 கிலோ காஸில இருக்கிற சூட்டை யூனிற்றில சொன்னால் கிட்டத்தட்ட 160 யூனிற். ஆனால் காஸ் அடுப்பில பாதிச் சூடுதான் சட்டிக்குப் போகும். மிச்சப் பாதி சட்டிக்குப் பக்கத்தால வெளிக்கிட்டு உன்ர முகத்தையும் குசினியையும் வேக வைக்கும். இன்டக்சன் அடுப்பு அப்பிடியில்லை. அது தான் சூடாகாமல் சட்டியின்ர அடியைச் சூடாக்கும். நூறில எண்பதுக்கு மேல சட்டிக்குப் போய்ச் சேரும். கூட்டிக் கழிச்சுப் பாத்தால் ஒரு சிலிண்டர் செய்யிற சமையலை இன்டக்சன் 90 யூனிற் மட்டில செய்து முடிக்கும். உடனே மருமோனுக்கு முகம் மலருது. பொறும் தம்பி, இன்னும் விலை சொல்லேல்லை.

2025 விலை 3,690ஐ 90ஆல பிரி. 41 ரூபா. மனசில எழுதி வை. உன்ர வீட்டில கூடுதலாய் எரியிற யூனிற் 41 ரூபாய்க்குக் கீழ எண்டால் இன்டக்சன் லாபம். மேல எண்டால் காஸ் லாபம். இவ்வளவுதான் சூத்திரம். காஸ் விலை மாறினாலும் கரண்ட் விலை மாறினாலும் இதே கணக்கைத் திருப்பிப் போடு.

"யூனிற் என்ன விலை?" எண்டு கேக்கிறாய். அதிலதான் கரண்ட் விக்கிறவையின்ர கெட்டித்தனம் இருக்கு. கத்தரிக்காய் கனக்க வாங்கினால் விலை குறைப்பன். கரண்ட் கனக்க வாங்கினால் விலை கூட்டுவினம். 2025 ஆனியில பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு ஒப்புக்கொண்ட கட்டணப்படி, 60 யூனிற்றுக்குள்ள நிக்கிற வீட்டுக்கு முதல் 30 யூனிற் நாலரை ரூபா, அடுத்த 30 எட்டு ரூபா. 60ஐத் தாண்டினால் அந்தச் சலுகை எல்லாம் போச்சு. முதல் 60 யூனிற்றுமே 12 ரூபா சொச்சத்துக்குப் போயிடும். பேந்து 18 சொச்சம், 24, 41. 180ஐத் தாண்டினால் 61 ரூபா. அதோட நிலையான கட்டணமெண்டு ஒண்டு இருக்கு, அதையும் கணக்கில சேர். அது கட்டத்துக்குக் கட்டம் 80, 210, 400, 1,000, 1,500, 2,100 எண்டு படியேறும்.

ஒரு பகிடி சொல்லட்டோ? 60 யூனிற் எரிச்சால் பில் 585 ரூபா. 61 யூனிற் எரிச்சால் கிட்டத்தட்ட 1,183. அந்த ஒற்றை யூனிற்றின்ர விலை 600 ரூபா! மாசக் கடைசியில மறந்துபோய்ச் சாறி அழுத்தினால், அந்தச் சாறிக்கு அது தங்கச் சரிகைக் கூலி.

இப்ப உன்ர பில், அதே 2025 விலையில. 200 யூனிற். ஏசி, ஹீற்றர், பெரிய பிரிட்ஜ், உடுப்புத் தோய்க்கிற மெசின், பேரன்ர கொம்பியூட்டர். உனக்கு ஒரு சிலிண்டர் ரெண்டு மாசம் போகுது. அப்ப இன்டக்சனுக்கு மாறினால் மாசம் 45 யூனிற் கூடும். நீ எப்பவோ 180ஐத் தாண்டிப் போனபடியால் அந்த 45ம் 61 ரூபாப்படி விழும்: 2,745 ரூபா. காஸுக்கு இப்ப மாசம் எவ்வளவு? அரைச் சிலிண்டர், 1,845. மாசம் 900 ரூபா கூடக் குடுத்துக் காஸ் பில்லைக் குறைக்கப் போறாய்! உந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சியள்?

100 யூனிற் எரிக்கிற வீடெண்டால் ஏறக்குறையச் சமன். இடையில ஒரு கட்டம் தாண்டவேண்டி வாறதால லாபத்தை நிலையான கட்டணம் விழுங்கிப்போடும். அங்கை விருப்பப்படி செய்யலாம்.

இனிக் கொட்டாஞ்சேனைக்கு வா. என்ர மச்சாள், ஜம்பட்டா வீதியால உள்ளுக்குப் போற ஒழுங்கையில தனிய இருக்கிறா. ரெண்டு லைற், ஒரு ஃபான், ஒரு டிவி. பிரிட்ஜ் வேண்டாமாம், மீன் அண்டண்டைக்கு வாங்கி அண்டண்டைக்குச் சமைப்பா. மாசம் 35 யூனிற், பில் 385 ரூபா. அவவுக்கு ஒரு சிலிண்டர் நாலு மாசம் போகும், மாசத்துக்கு 920 ரூபா மட்டில. அவ இன்டக்சனுக்கு மாறினால் 22 யூனிற் கூடும். 35ம் 22ம் 57, 60க்குள்ள நிக்குது. பில் 561. கரண்டுக்கு 176 ரூபா கூட, காஸுக்கு 920 மிச்சம். மாசம் 740 ரூபா மடியில!

விளங்குதோ பிள்ளை, உலகத்தின்ர கோணல்? கண்ணாடி அடுப்புக் கடைக்காரன் விளம்பரம் போடுறது உனக்கு. லாபம் கிடைக்கக்கூடியவ மச்சாள். அவவுக்கு ஒருத்தனும் விளம்பரம் போடுறானில்லை. அவவுக்கோ கரண்ட் அடுப்பெண்டால் பயம், "ஷொக் அடிக்கும்" எண்டுறா. காஸ் சிலிண்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில வைச்சுக்கொண்டு நித்திரை கொள்ளுறவ!

எக்குவடோர் எண்டு தென்னமெரிக்காவில ஒரு நாடு. 2014இல அங்கத்தை அரசாங்கம் சனத்தை இன்டக்சனுக்கு மாத்த வெளிக்கிட்டது. முப்பது லட்சம் வீடெண்டு திட்டம் போட்டு, மாறின வீட்டுக்குச் சமையலுக்கெண்டு மாசம் 80 யூனிற் இனாமாய்க் குடுத்தவை. அப்பிடி இருந்தும் நினைச்ச தொகை மாறேல்லை. ஏனெண்டால் அங்கை 15 கிலோ காஸ் சிலிண்டர் ஒண்டரை டொலர் சொச்சம். அரசாங்கம் ஒரு கையால காஸுக்கு மானியம் குடுத்துக்கொண்டு மற்றக் கையால "காஸை விடு" எண்டு சொன்னது. சனம் காசைக் கேக்குமோ பிரசங்கத்தைக் கேக்குமோ? எங்கட நாட்டில காஸுக்கு மானியமும் இல்லை, இன்டக்சனுக்கு இனாமும் இல்லை. பிரசங்கம் மட்டும் குறைவில்லாமல் நடக்குது.

"காசு ஒருபக்கம் கிடக்கட்டும் அப்பு, வசதியைப் பாருங்கோ" எண்டு மருமோன் வாயெடுக்கிறார். சரி தம்பி, வசதியைப் பாப்பம். உம்மட குசினி றாக்கையைத் திறவும். அலுமினியச் சட்டி, அலுமினியப் புட்டுப்பானை, அலுமினிய இடியப்பப் பானை, ஆச்சி தந்த மண்சட்டி. உதில ஒண்டும் இன்டக்சனுக்குப் பொருந்தாது. அடியில காந்தம் ஒட்டவேணும். பிரிட்ஜ் கதவில ஒட்டியிருக்கிற பொம்மைக் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு சட்டிக்கும் வைச்சுப் பாரும். ஒட்டினது வேலை செய்யும், விழுந்தது செய்யாது. ஆனை வாங்கினவர் அங்குசத்துக்கும் காசு வைக்கவேணும். அடுப்பு ஒரு விலை, சட்டியெல்லாம் மாத்திறது அதிலும் கூட விலை. "எந்தச் சட்டியும் வைக்கலாம்" எண்டு கடைக்காரன் சொன்னால் அது இன்டக்சன் இல்லை, இன்ஃப்ராரெட் அடுப்பு. அது கண்ணாடியைச் சூடாக்கி, கண்ணாடி சட்டியைச் சூடாக்கும். கரண்ட் கொஞ்சம் கூடத் தின்னும். ரெண்டும் பாக்க ஒரே சாயல். பெட்டியில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சு வாங்கும்.

அப்பம் சுடுறதெண்டால் வளைஞ்ச சட்டி தட்டையான கண்ணாடியில நடனமாடும். மிளகாய்த்தூளுக்கு வறுக்கிறது, அரிசிமா வறுக்கிறது எல்லாம் பெரிய தாச்சியில சுத்திச் சுத்தி நெருப்புப் படவேணும். கத்தரிக்காய்ச் சம்பலுக்கு? மட்டுவில் முட்டிக் கத்தரிக்காயை நெருப்பில வாட்டித் தோலை உரிச்சுப் பிசையவேணும். கண்ணாடிக்கு மேல கத்தரிக்காயை வைச்சுப் பார். நாள் முழுக்க இருந்தாலும் அது உன்னைப் பாத்துச் சிரிக்கும். ஆனால் நியாயத்தையும் சொல்லவேணும். பால் காய்ச்ச, தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கவைக்க, பருப்பு அவிக்க, குழம்பு வைக்க இன்டக்சன் கெட்டிக்காரி. கெதியாய் வேலை முடியும், குசினியில வெக்கையும் இல்லை. பால் பொங்க முதல் நிப்பாட்டலாம், போனைப் பாத்துக்கொண்டிருக்காட்டில்.

காஸ் எரியேக்கை குசினிக்குள்ள நைதரசன் டைஒக்சைட் எண்ட நச்சுப் புகை சேரும். முட்டு வருத்தக்காரப் பிள்ளையளுக்கு ஆகாது. கரண்ட் அடுப்பு அந்த விசயத்தில சுத்தம். அதுக்காக அடுப்பை மாத்த முதல் யன்னலைத் திற பிள்ளை. வெள்ளவத்தைக் கடல்காத்துச் சும்மா வருது. "உப்புக் காத்து, பிரிட்ஜ் துருப்பிடிக்கும்" எண்டு பூட்டி வைச்சிருக்கிறாய். பிரிட்ஜைப் பாக்கிற கண்ணால பேரன்ர நெஞ்சையும் ஒருக்காப் பார்.

கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. 2,000 வாட்ஸ் அடுப்பு 9 அம்பியர் மட்டில இழுக்கும். தாத்தா காலத்து வயரில, பிரிட்ஜும் டிவியும் ஏற்கெனவே தொங்குற மல்ரி பிளக்கில அதையும் செருகினால், சட்டி சூடாக முதல் சுவர் சூடாகும். தனிப் பிளக், தனி வயர், ட்ரிப் சுவிச் சரியாய் விழுகுதோ எண்டு எலெக்ரீசியனிட்டக் காட்டவேணும். மச்சாளுக்கும் அதைச் செய்து குடுத்தபிறகுதான் அடுப்பு.

கூரை சொந்தமாயிருந்து மேல சோலர் போட்டவைக்குக் கதை வேறை. பகல் கரண்ட் அவையின்ர கூரையில விளையுது. மத்தியானச் சமையலை இன்டக்சனில வைக்கலாம். 2025 சித்திரை வருசப் பிறப்பு விடுமுறையில கரண்ட் மிஞ்சிப் போச்செண்டு, பகலில சோலரை நிப்பாட்டச் சொல்லி இலங்கை மின்சார சபையே கேட்டது. உனக்கென்ன? உன்ர தலைக்கு மேல இருக்கிறது ஏழாம் மாடிக்காரன்ர கட்டில். அதில சோலர் போடேலாது.

இனிக் கடைசி இரகசியம். உன்ர வீட்டுக் காசைத் தின்னுறது அடுப்பே இல்லை. குளியலறை ஹீற்றர் 3,000 வாட்ஸ். நாளைக்கு அரை மணித்தியாலம் ஓடினால் ஒண்டரை யூனிற், மாசத்துக்கு 45 யூனிற். அந்த 45ஐ எங்கையோ கேட்ட ஞாபகமில்லையோ? உன்ர வீட்டு ஒரு மாசச் சமையல் முழுக்க அதுக்குள்ள அடங்கும்! சட்டை பிழிஞ்சால் தண்ணி வாற வெள்ளவத்தை வெக்கையில மருமோன் சுடுதண்ணியில குளிச்சுப்போட்டு வந்து, உடம்பு சுடுதெண்டு ஏசியைப் போடுறார். ஹீற்றரும் ஏசியும் சண்டை பிடிக்குது. ரெண்டு பக்கத்துக்கும் வக்கீல் கூலி நீ குடுக்கிறாய். ஹீற்றரை நிப்பாட்டினால் 180 யூனிற்றுக்குக் கீழ இறங்கி, நிலையான கட்டணமும் குறைஞ்சு 2,845 ரூபா மிச்சம். உன்ர மாசக் காஸ் 1,845தான். காஸ் இனாமாய் வந்து, கையில 1,000 ரூபாயும் மிஞ்சுது. அடுப்பை மாத்தாமலே!

காஸிலயும் மிச்சம் பிடிக்க வழியிருக்கு. கடலையையும் பயறையும் ராத்திரி ஊறப்போடு; நீ விடிய எழும்பி யோசிச்சு அவிக்கிறாய். மூடியைப் போட்டுச் சமை. மூடி சட்டிக்குப் பூட்டின நகையில்லை, அலுமாரியில வைக்க. நெருப்பு சட்டியின்ர அடியைத் தாண்டிப் பக்கத்தால நாக்கு நீட்டினால் அது காசு எரியிற நெருப்பு. மஞ்சளாய் எரிஞ்சால் அடுப்பின்ர துவாரம் அடைச்சிருக்கு. ஊசியால குத்தித் துடை, நீலமாய் எரியும். சோத்துக்கு றைஸ் குக்கர் இருக்கு. ஆனால் சோறு வெந்த பிறகும் ராத்திரிமட்டும் சூட்டில வைச்சுக்கொண்டிருக்காதை. முக்கியமாய், காலமை ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, மருமோன் வேலையால வந்து ஒருக்கா, பேரன் ரியூசனால வந்து ஒருக்கா எண்டு ஒரே கறியை நாலுதரம் சூடாக்கிறதை விடு. நாலு பேரும் ஒரு பாயில குந்திச் சாப்பிட்டால் காஸ் குறையும். வேறை என்ன நன்மை வருமெண்டு நான் சொல்லமாட்டன். பிரசங்கம் எனக்குச் சரிவராது.

சிலிண்டர் வந்தால் நிறுத்துப் பாத்து வாங்கு. வெறுஞ் சிலிண்டரின்ர நிறை அதிலயே அடிச்சிருக்கும், அதோட 12.5ஐக் கூட்டு. வந்து சேருற நிறை குறைஞ்சால், இல்லாட்டில் விலை கூட்டி வித்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடி. எவ்வளவு மிச்சமிருக்கெண்டு தெரியாட்டில் ஈரத் துணியால சிலிண்டரைத் துடைச்சு விடு. உள்ளுக்குக் காஸ் திரவமாய் இருக்கிற மட்டத்துக்குக் கீழ ஈரம் பிந்திக் காயும். நீ செய்யிற மாதிரித் தூக்கிக் குலுக்கிப் பாத்தால் முதுகுதான் பிடிக்கும்.

அப்ப அந்த விலைகளின்படி தீர்ப்பைக் கேள். நீ 180 யூனிற்றுக்கு மேல எரிக்கிறவள், காஸிலயே இரு. குரங்குக்குக் காஸ் காப்பு; கப்பல் பிந்தினால் காப்பாய் ஒரு சின்ன ஒற்றை இன்டக்சன் அடுப்பை அலுமாரியில வைச்சிரு, தேத்தண்ணிக்கும் அவசரத்துக்கும் உதவும். 100 யூனிற்காரர் மனசுபோல செய்யட்டும். 60க்குள்ள நிக்கிறவை மாறினால் லாபம், ஆனால் மாறின பிறகும் 60ஐத் தாண்டாமல் மீற்றரைப் பாத்துக்கொள்ளவேணும். தாண்டப் போகுதெண்டால் மாசக் கடைசியில ரெண்டு நாள் காஸில சமைச்சால் சரி.

அந்தப் பெரிய கண்ணாடி அடுப்புக்கெண்டு ஒதுக்கி வைச்ச காசு இப்ப மிச்சம் எல்லோ? அதில ஒரு சின்ன இன்டக்சன் அடுப்பும், காந்தம் ஒட்டுற சட்டி ரெண்டும் கொட்டாஞ்சேனை மச்சாளுக்கு வாங்கு. எலெக்ரீசியன் கூலியையும் சேர்த்துக் குடு. கொண்டுபோய்க் குடுக்கிற வேலையை என்னட்ட விடு. வாங்கினது ஆரெண்டு அவ கேட்டால் நான் பொய் சொல்லமாட்டன். கேக்காட்டில் நானாய் வாயைத் திறக்கவும்மாட்டன்.